டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, காய்ச்சலும் இறங்கவில்லை: ஸ்கரப் டைபஸ் பற்றி ஒரு விளக்கம்

பனிக்காலம் வந்தால் தமிழ்நாட்டு நாளிதழ்களில் 'உண்ணிக் காய்ச்சல் பரவுகிறது' என்ற செய்தி தவறாமல் வந்துவிடுகிறது. 2025 ஜனவரியிலும் பொதுச் சுகாதாரத் துறை மாவட்டங்களை உஷார்படுத்தியது. படிப்பவருக்குக் கடைசியில் மிஞ்சுவது கேள்விகள்தான். இது நாயின் மேல் இருக்கும் உண்ணியா? வீட்டு நாயை என்ன செய்வது? டெங்கு மாதிரிதானா இதுவும்? பக்கத்தில் படுத்தால் ஒட்டிக்கொள்ளுமா?

அந்தச் செய்திகளில் பெரும்பாலும் வரும் ஸ்கரப் டைபஸுக்கு 1948-லிருந்தே மருந்து இருக்கிறது. இன்று கொடுக்கும் மாத்திரை ஒன்றின் விலை சில ரூபாய். அப்படியிருந்தும் ஆண்டுதோறும் ஆட்கள் சாகிறார்கள். பெரும்பாலான சாவுகளின் பின்னணியில் இருப்பது ஒரே காரணம்: முதல் வாரத்தில் இந்த நோயின் பெயர் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அது ஏன் என்று புரிய, அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

1. எந்தப் பூச்சி, எந்தக் காய்ச்சல்

பூச்சிகளாலும் உண்ணிகளாலும் வரும் காய்ச்சல்களை, அவற்றைச் சுமந்து வரும் உயிரைக்கொண்டு பிரித்துப் பார்ப்பதே எளிது.

(அ) கொசு: மலேரியா, டெங்கு, சிக்குன்குனியா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல். நமக்குப் பழகிய கூட்டம். மலேரியாவையும் கொசுவையும் ரொனால்டு ராஸ் முடிச்சுப்போட்டது 1897-ல், செகந்திராபாத்தில்.

(ஆ) உடற்பேன்: கொள்ளை டைபஸ். தலைப்பேன் அல்ல, துணி மடிப்பில் வாழும் பேன். பேன்தான் இதைப் பரப்புகிறது என்று 1909-ல் துனிஸ் நகரில் நிறுவிய சார்லஸ் நிக்கோலுக்கு 1928-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதே நோயை ஆராயப் போன இருவர் அதே நோயால் இறந்தார்கள்: 1910-ல் ஹோவர்ட் ரிக்கட்ஸ், 1915-ல் ஸ்டானிஸ்லாஸ் புரோவாசெக். அந்தக் கிருமிக்கு இருவர் பெயரையும் சேர்த்து ரிக்கட்சியா புரோவாசெக்கி என்று வைத்தார்கள்.

(இ) தெள்ளுப்பூச்சி: பிளேக், எலி டைபஸ்.

(ஈ) உண்ணி: இந்தியப் புள்ளிக் காய்ச்சல், கர்நாடகத்தின் கியாசனூர் காட்டு நோய்.

(உ) சிற்றுண்ணி: ஸ்கரப் டைபஸ்.

தமிழ்நாட்டுச் செய்திகளில் வருவது பெரும்பாலும் கடைசியில் உள்ளதுதான். டைபஸும் டைபாய்டும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். டைபாய்டு தண்ணீராலும் உணவாலும் வருவது. அதற்குப் பூச்சி தேவையில்லை. இரண்டின் கிருமியும் வேறு, கேட்கும் மருந்தும் வேறு.

2. கடிப்பது யார்?

நாயின் காதிலும் மாட்டின் மடியிலும் கடுகு மாதிரி உப்பிக் கிடக்கும் உண்ணிக்கும் ஸ்கரப் டைபஸுக்கும் தொடர்பில்லை. இந்த நோயைக் கொண்டுவருவது லெப்டோட்ராம்பிடியம் என்ற இனத்துச் சிற்றுண்ணியின் குஞ்சு. கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. பெரும்பாலோர் கண்ணில் படவே படாது. கடித்தால் வலியும் கிடையாது. அதனால்தான் 'என்னை எதுவும் கடிக்கவில்லையே' என்று நோயாளி உறுதியாகச் சொல்கிறார். அதை நம்பி மருத்துவரும் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்.

இந்தச் சிற்றுண்ணியின் வாழ்க்கை விசித்திரமானது. வளர்ந்தபின் எட்டுக் காலோடு மண்ணில் திரிந்து, மற்றப் பூச்சிகளின் முட்டைகளைத் தின்று பிழைக்கிறது. மனிதரையோ எலியையோ தொடுவதே இல்லை. ஆறு காலோடு இருக்கும் குஞ்சுப் பருவத்தில் மட்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறை, ஒரு வெப்ப இரத்தப் பிராணியின் தோலில் ஒட்டிக்கொள்கிறது. அப்போதும் அது இரத்தம் குடிப்பதில்லை. எச்சிலால் தோலின் செல்களைக் கரைத்து, கரைந்த சாற்றைச் சில நாட்கள் உறிஞ்சிவிட்டு உதிர்ந்துவிடுகிறது. அதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விருந்து எலி, பெருச்சாளி, மூஞ்சூறு. மனிதர் தற்செயலாக மாட்டிக்கொள்பவர்.

ஒரே முறைதான் கடிக்கும் என்றால் கிருமி எப்படி அடுத்தவருக்குப் போகிறது? இங்கேதான் டெங்குவிலிருந்து இது முற்றிலும் வேறுபடுகிறது. டெங்குக் கொசு ஒரு நோயாளியைக் கடித்து, அங்கிருந்து வைரஸை எடுத்து, இன்னொருவரிடம் கொண்டுபோகிறது. சிற்றுண்ணியில் கிருமி தாயிடமிருந்து முட்டைக்கும், முட்டையிலிருந்து குஞ்சுக்கும் இறங்குகிறது. பிறக்கும்போதே குஞ்சு கிருமியோடு பிறக்கிறது. நோயின் முதன்மைச் சேமிப்பிடம் அந்தச் சிற்றுண்ணியேதான். இதிலிருந்து இரண்டு விளைவுகள்:

முதலாவது, ஒரு நோயாளியால் வீட்டில் மற்றவருக்கு ஆபத்தில்லை. தனியே படுக்க வைக்கவும் வேண்டாம், தட்டைப் பிரிக்கவும் வேண்டாம்.

இரண்டாவது, நோய் ஊர் முழுக்க ஒரே சீராகப் பரவாது. புதர் மண்டிய வரப்பு, தூர்ந்த வாய்க்கால் கரை, வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கிய மூலை என்று சில சதுர மீட்டர் நிலத்தில் சிற்றுண்ணிகள் கூட்டமாக இருக்கும். பத்தடி தள்ளி ஒன்றும் இருக்காது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் இருவருக்கு வந்து அடுத்த வீட்டில் யாருக்கும் வராமல் இருப்பதில் அதிசயமில்லை.

3. உடலுக்குள் நடப்பது

கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி. இது பாக்டீரியாதான், ஆனால் செல்லுக்கு வெளியே தன்னந்தனியாகப் பெருக முடியாத பாக்டீரியா. கடித்த இடத்தில் தொடங்கி, நிணநீர் வழியே இரத்தத்தில் கலந்து, இரத்தக் குழாய்களின் உட்சுவரில் உள்ள செல்களுக்குள் குடியேறுகிறது. நுண்குழாய்கள் அழற்சியடைந்து கசியத் தொடங்குகின்றன. இரத்தக் குழாய் இல்லாத உறுப்பு எது? ஆகவே அறிகுறி எங்கிருந்து வேண்டுமானாலும் கிளம்பலாம்.

கடித்து 6 முதல் 21 நாட்களுக்குள், பெரும்பாலும் பத்து நாள் வாக்கில், காய்ச்சல் தொடங்குகிறது. குளிர், கடுமையான தலைவலி, உடம்புவலி, கண் சிவத்தல். பிறகு இருமல், வாந்தி, வயிற்றுவலி. உடலில் படரும் சிவந்த தடிப்பு மாநிறத் தோலில் பல நேரம் தெரிவதே இல்லை. இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருக்கும், கல்லீரல் நொதிகள் கூடியிருக்கும். தட்டணு குறைந்தது என்றவுடன் வீட்டில் எல்லோரும் டெங்கு என்று முடிவுகட்டி நிலவேம்புக் குடிநீரும் பப்பாளி இலைச் சாறும் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். டெங்குப் பரிசோதனையில் இல்லை என்று வந்ததும், 'ஏதோ வைரஸ் காய்ச்சல்' என்று ஆறுதல்பட்டுக்கொள்கிறார்கள். இந்த ஆறுதல்தான் ஆபத்து.

ஏனென்றால் மோசமான கட்டம் இரண்டாம் வாரத்தில் வருகிறது. நுரையீரலில் நீர் கசிந்து மூச்சுத்திணறல், சிறுநீரகச் செயலிழப்பு, மஞ்சள் காமாலை, இதயத் தசை அழற்சி, மூளையுறை அழற்சியால் நினைவு தடுமாற்றம், சிலருக்குக் காது மந்தம், இரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலை. ஐந்தாம் நாளில் மாத்திரையோடு முடிந்திருக்கக்கூடியது பத்தாம் நாளில் செயற்கை சுவாசக் கருவியில் போய் நிற்கிறது.

4. இரண்டு நிமிடம் தேடினால் கிடைக்கும் தடயம்

எல்லாக் காய்ச்சலும் ஒன்றுபோல இருக்கையில், இந்தக் காய்ச்சல் மட்டும் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு வருகிறது: கறுத்த பொருக்கு.

சிற்றுண்ணி கடித்த இடத்தில் முதலில் சின்னப் பரு எழும்பும், பின் கொப்பளித்து உடையும், நடுவில் திசு செத்துக் கறுத்துப்போகும். அரை முதல் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் கரும்பொருக்கு, அதைச் சுற்றிச் சிவந்த வளையம். சிகரெட்டால் சுட்ட தழும்பு மாதிரி என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அருகில் நெறிகட்டியிருக்கலாம். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே அது இருப்பது தெரியாது.

எங்கே பார்ப்பது? துணி இறுக்கும் இடங்களிலும் தோல் மடியும் இடங்களிலும். அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, இடுப்பில் பாவாடை நாடா அழுத்தும் கோடு, தொப்புள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம், விரைப்பை. குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் பார்க்க வேண்டும். ஈரமான மடிப்புகளில் பொருக்குக் கறுக்காமல் மஞ்சளாகச் சொதசொதவென்று இருக்கும். அதைச் சாதாரணப் புண் என்று விட்டுவிடுவார்கள்.

இந்தப் பட்டியலைப் படித்தாலே பிரச்சினை விளங்கும். நூறு பேர் வரிசையில் நிற்கும் புறநோயாளிப் பிரிவில், உடுப்பைத் தளர்த்தாமல் இவற்றில் ஒன்றையும் பார்க்க முடியாது. பெண் நோயாளி ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சப்படுவார். மருத்துவர் கேட்கத் தயங்குவார். ஆயிரக்கணக்கில் செலவழித்து எடுக்கும் ஸ்கேன் சொல்லாததைச் சொல்லக்கூடிய தடயம் சேலைத் தலைப்புக்குள் மறைந்து போகிறது. வீட்டில் அம்மாவோ, அக்காவோ, கணவரோ பார்த்துச் சொல்லலாம்.

பொருக்கு இல்லை என்றால் நோய் இல்லை என்று எண்ணிவிடவும் கூடாது. நோயாளிகளில் பெரும்பங்கினருக்கு அது வருவதே இல்லை, அல்லது கண்டுபிடிக்கப்படுவதில்லை.

5. ஆற்றங்கரையிலிருந்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கு

நோய் புதிதல்ல. சீனாவில் 4ஆம் நூற்றாண்டின் மருத்துவர் கே ஹொங், மணலில் வாழும் சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சலைப் பற்றி எழுதியிருக்கிறார். ஜப்பானில் நீகாத்தா, அகிதா, யாமகாத்தா பகுதிகளின் ஆற்றங்கரைகளில், கோடையில் வெள்ளம் வடிந்த நிலத்தில் பயிர் செய்யப் போனவர்களுக்கு இது வந்தது. 1810-ல் ஹாஷிமோட்டோ ஹகுஜு இதை எழுதிவைத்தார். அந்த ஊர்களில் பூச்சியின் கோபம் தணியச் சிறு கோயில்களே எழுப்பினார்கள். சும்மா ஒன்றுமில்லை, சில இடங்களில் நோய் கண்டவர்களில் பத்தில் மூவர் வரை இறந்துகொண்டிருந்தார்கள்.

இந்தக் காய்ச்சல் தனி நோய் என்று தென்கிழக்காசியாவில் தெளிவானது ஒரு தற்செயலால். கதை மலாயாவில் நடக்கிறது. 1916-ல் வீல், ஃபெலிக்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு விந்தையைக் கண்டிருந்தார்கள்: டைபஸ் நோயாளியின் இரத்த நீர், நோய்க்குச் சம்பந்தமே இல்லாத புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவைக் கட்டிதட்ட வைக்கிறது. இதையே சோதனையாக்கினார்கள். 1920-களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்குக் கிங்ஸ்பரி என்பவர் லண்டனிலிருந்து அந்த புரோட்டியஸின் ஒரு மாதிரியைக் கொண்டுவந்தார். அது வழியில் எங்கோ இயல்பு மாறிப்போன மாதிரி என்பது யாருக்கும் தெரியாது.

அங்கே ஆராய்ந்த வில்லியம் ஃபிளெட்சரும் லெஸ்லரும் இதையும் அசல் மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தபோது நோயாளிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். கடைத்தெருவில் வேலை செய்தவர்களின் இரத்தம் அசல் மாதிரியை மட்டும் கட்டிதட்ட வைத்தது. புதர்க்காட்டிலும் எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலும் வேலை செய்தவர்களின் இரத்தம் கிங்ஸ்பரியின் மாதிரியை மட்டும். ஒன்று கடைத்தெரு டைபஸ்: எலித் தெள்ளால் வருவது. மற்றது புதர் டைபஸ்: அதுதான் ஸ்கரப் டைபஸ். இன்றும் ஆய்வகச் சீட்டில் 'ஓஎக்ஸ்கே' என்று அச்சாகிறதே, அதில் கடைசி எழுத்து கிங்ஸ்பரியைக் குறிப்பது. மலாயாத் தோட்டங்களின் உழைப்பாளர்களில் பெரும்பகுதி அப்போது தமிழர்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் உலகப் போரில் அஸ்ஸாம்–பர்மா முனையிலும் நியூகினியிலும் படைகளை இந்தக் காய்ச்சல் வாட்டியெடுத்தது. கையில் மருந்து இல்லை. சீருடையில் பூச்சிவிரட்டி தடவுவது ஒன்றே வழியாக இருந்தது. போர் முடிந்த பின் 1948-ல் ஜோசப் ஸ்மேடல் தலைமையிலான குழு குளோராம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கோலாலம்பூரில் நோயாளிகளுக்குக் கொடுத்தது. நாள்கணக்கில் எரிந்துகொண்டிருந்த காய்ச்சல் விரைவில் அடங்கியது. அதன்பின் டெட்ராசைக்ளின் வகைகளும் வந்தன. வியாதி தீர்ந்தது என்று உலகம் நினைத்தது. மருத்துவப் பாடத்தில் அது ஒரு பத்தியாகச் சுருங்கியது. தமிழ்நாட்டில் 2000-க்குப் பிறகு இது 'மீண்டும்' வந்ததாகச் சொல்வதில் எனக்கு ஐயமுண்டு. நோய் போகவில்லை, தேடுவது நின்றிருந்தது என்பதே பொருத்தம்.

6. எந்தப் பரிசோதனை, எந்த நாளில்

– வீல்–ஃபெலிக்ஸ்: மேலே சொன்ன நூறாண்டுச் சோதனை. மலிவு என்பதால் இன்னும் சிறு ஆய்வகங்களில் செய்கிறார்கள். நோய் உள்ள பலரையும் தவறவிடும். இதில் 'இல்லை' என்று வருவதை நம்ப முடியாது.

– ஐஜிஎம் எலைசா: இன்று பரவலாகப் பயன்படுவது. உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கினால்தான் காட்டும். அதற்கு ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். மூன்றாம் நாளில் எடுத்து 'நெகட்டிவ்' என்று நிம்மதியடைவது வீண்.

– பிசிஆர்: கிருமியின் மரபணுவையே தேடும் சோதனை. முதல் வாரத்தில் உதவும். பொருக்கின் ஓரத்தைச் சுரண்டி எடுத்துச் செய்தால் இன்னும் துல்லியம். பெரிய மையங்களில்தான் கிடைக்கும்.

ஆகவே அனுபவமுள்ள மருத்துவர்கள், சூழ்நிலை பொருந்தினால் முடிவு வரும் வரை காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். அதில் தவறில்லை.

7. எந்த மருந்து கேட்கும்?

காய்ச்சலுக்கு வழக்கமாக எழுதப்படும் அமாக்சிசிலின், செஃபிக்சிம், ஊசியாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் எதுவும் இதற்குக் கேட்காது. அவை பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்குபவை. ஓரியன்ஷியாவிடம் அப்படிப்பட்ட தடித்த சுவரும் இல்லை. அது நம் செல்லுக்குள் ஒளிந்திருக்கவும் செய்கிறது. 'நான்கு நாளாக ஊசி போட்டும் காய்ச்சல் நிற்கவில்லை' என்பது மருந்தின் குறையல்ல, தேர்வின் குறை.

கேட்பது டாக்சிசைக்ளின். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். குழந்தைகளுக்கு டாக்சிசைக்ளின் கொடுத்தால் பல்லில் கறை படியும் என்ற பழைய பயம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. அந்தப் பயம் பழைய டெட்ராசைக்ளினைப் பார்த்து வந்தது. ரிக்கட்சியா வகைக் காய்ச்சலுக்கு (டைபஸ், புள்ளிக் காய்ச்சல் போன்றவை) சில நாட்கள் கொடுக்கும் டாக்சிசைக்ளினால் அப்படி ஆவதில்லை என்று தெரிந்தபின், எந்த வயதிலும் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்பே சொல்லிவிட்டது.

முற்றிய நோய்க்கு எது சிறந்தது என்பதற்கு விடை வேலூரிலிருந்து வந்தது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜார்ஜ் எம். வர்கீஸ் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் ஏறக்குறைய 800 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியே செலுத்தியவர்களில் சாவு, நீடித்த சிக்கல், இறங்காத காய்ச்சல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைச் சந்தித்தவர்கள் 33 சதவீதம். ஒரே மருந்து பெற்றவர்களில் அது 47, 48 சதவீதம். இது மருத்துவமனையில் சேர்ந்த கடும் நோயாளிகளுக்கான கணக்கு. தொடக்கநிலையில் ஒரே மருந்து, மாத்திரையாகவே, போதும்.

8. உண்மையான உண்ணி கொண்டுவருவது

அப்படியானால் உண்ணியால் ஒன்றும் வராதா? வரும், வேறு நோய். நாய் உண்ணி சுமப்பது புள்ளிக் காய்ச்சல். உள்ளங்கை, உள்ளங்கால் வரை சிவந்த புள்ளிகள் படரும். அதற்கும் டாக்சிசைக்ளின் கேட்கும்.

கேட்காதது கியாசனூர் காட்டு நோய், செய்திகளில் 'குரங்குக் காய்ச்சல்'. 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டக் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. காட்டுக்குள் போன மக்களுக்கும் காய்ச்சல் வந்தது. புணேயின் வைரஸ் ஆராய்ச்சி மையம் வைரஸைப் பிரித்தெடுத்தது. அது ரஷ்யாவின் உண்ணி மூளைக்காய்ச்சலுக்கு உறவுமுறை என்று தெரிந்ததும், சைபீரியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் சுமந்து வந்திருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. அதை ஆராயவே உலகச் சுகாதார நிறுவனத்தின் பணத்தில் பறவையியலாளர் சாலிம் அலியின் குழு ஆயிரமாயிரம் பறவைகளுக்குக் கால்வளையம் மாட்டியது. பறவைகள் குற்றவாளிகள் அல்ல என்றானது. நமக்குப் பறவை வலசை பற்றிய பெரும் தகவல் கிடைத்தது, அதுவும் லாபம்தான்.

2012-13-ல் இந்நோய் பந்திப்பூர், முதுமலை வட்டாரத்திலும் பின்பு வயநாட்டிலும் தென்பட்டது. ஆகவே நீலகிரிக் காடுகளில் குரங்கு செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். இதற்கென மருந்து இல்லை. இருந்த தடுப்பூசியும் போதிய பலன் தராததால் 2022-ல் நிறுத்தப்பட்டது. உண்ணி தோலில் ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்கலாம். தீக்குச்சியால் சுடுவதும் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் கூடாது.

9. யாருக்கு வருகிறது, என்ன செய்யலாம்

தமிழ்நாட்டு கிராமங்களில் சுமார் 32,000 பேரை 2020 முதல் 2022 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2025-ல் வெளியானது. ஆண்டுக்குப் பத்தில் ஒருவர் வரை இந்தக் கிருமியால் தொற்றப்படுகிறார்கள் என்று அது காட்டியது. பெரும்பாலோருக்குக் காய்ச்சலே வராமல் கடந்துபோகிறது. வருபவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு உயிர்மேல் வந்துவிடுகிறது. இலங்கையின் வடக்கிலும் இது பரவலாகக் காணப்படுகிறது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னான குளிர் மாதங்களில் எண்ணிக்கை ஏறும். அது டெங்குவும் ஏறும் பருவம்.

தற்காப்பு எளியது, கடைப்பிடிப்பது கடினம். புல்லில் படுக்காமல் பாயோ தார்ப்பாயோ விரித்துக்கொள்வது, துவைத்த துணியைப் புதர்மேல் காயப்போடாமல் கொடியில் போடுவது, வயலிலிருந்து வந்ததும் உடுப்பை மாற்றிச் சோப்புத் தேய்த்துக் குளிப்பது, வீட்டைச் சுற்றிப் புதரை வெட்டுவது, எலியைக் கட்டுப்படுத்துவது. களையெடுப்பவரிடம் முழுக்கைச் சட்டை போடு என்று சொல்வது சுலபம். வெயிலில் குனிந்து நிற்பவருக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். தடுப்பூசி இல்லை. கிருமியில் கார்ப், கில்லியம், கேட்டோ என்று பல வகைகள் உள்ளதால் ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம்.

ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், டெங்குச் சீட்டு என்ன சொன்னாலும், மருத்துவரிடம் மூன்று விவரங்களைத் தாமாகவே சொல்ல வேண்டும்: கடந்த மூன்று வாரத்தில் வயல், புதர், காடு பக்கம் போனீர்களா, உடலில் எங்காவது வலிக்காத கரும்பொருக்கு இருக்கிறதா, இதுவரை எந்த ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்கள். டாக்சிசைக்ளின் தொடங்கினால் பொதுவாக 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக் காய்ச்சல்), மலேரியா, டைபாய்டு என்று வேறு திசையில் தேட வேண்டும். மூச்சு வாங்கினாலோ, பேச்சு தடுமாறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ அந்த 48 மணி நேரத்துக்கும் காத்திராமல் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.